களி உருண்டையின் அளவு

காலை ஆறு ஐம்பதுக்கு நான் முதலில் பார்த்தது எறும்புகளை. சுவரோரம் விரல் அகலத்துக்கு ஒரே வரிசையாக வந்து, ஆண்கள் கழிப்பறையின் மூன்றாவது சிறுநீர்த் தொட்டிக்குக் கீழே அவை கூடியிருந்தன. முதல் இரண்டு தொட்டிகளின் பக்கம் ஒன்றுகூட இல்லை.

"பாத்துக்கோங்க சிஸ்டர்," என்றாள் சரோஜா. துப்புரவுப் பிரிவுக்கு அவள்தான் மேஸ்திரி. உள்ளே யாரும் வந்துவிடாதபடி வாசலில் வாளியைக் குறுக்கே வைத்துவிட்டு என்னை அழைத்துப் போயிருந்தாள். "ஒரு வாரமா கழுவிக் கழுவி எங்க கை ஓஞ்சிடுச்சி. காலைல வந்தா திருப்பியும் நிக்குதுங்க."

"எறும்பு மருந்து போட வேண்டியதுதானே?"

"எறும்புக்குப் போட்டு என்னா பண்றது? இங்க வர்ற எவனுக்கோ மருந்து வேணும். எங்க மாமனாருக்கு இப்புடித்தான் ஆரம்பிச்சிது."

எனக்கும் அதுதான் தோன்றியது. அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தியது ஆலையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் பிரிவு ஆட்கள். அவர்களில் யாரோ ஒருவருக்குச் சிறுநீரில் சர்க்கரை போய்க்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியாது.

நான் பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. சென்ற வாரம், என் இடத்துக்கு வந்திருக்கும் செவிலியர் போன் செய்தாள். ஆலையின் உடல் பரிசோதனைப் பதிவில் ‘பிறந்தபோது எடை’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். "அக்கா, இதுல என்ன போடறது? யாரக் கேட்டாலும் முழிக்கிறாங்க. ஒருத்தரு எங்கம்மா செத்துட்டாங்க, கேட்டுச் சொல்ல முடியாதுங்கறாரு." அந்தக் கட்டம் எங்கள் அறைக்கு எப்படி வந்தது என்று சொல்வதானால், எறும்புகளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் ஊர் ஊத்தங்கரைப் பக்கம். செவிலியர் படிப்பை முடித்துவிட்டுத் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் நானும் வந்து, வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையின் மருத்துவ அறையில் சேர்ந்தேன். விரல் நசுங்கல், கண்ணில் இரும்புத் தூள், காலை ஷிப்டில் சாப்பிடாமல் வந்து மயங்குவது என்று பெரும்பாலும் ஒரே மாதிரி வேலைதான். பணிக்காலத்தின் கடைசி ஒன்பது ஆண்டுகள் எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் கேசவமூர்த்தி.

அவர் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு உள்ளவர். தினமும் காரில் பத்து மணிக்கு வருவார். நோயாளி யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "ஊட்ட ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம், ஆச்சு என்றால் பேச்சு அடுத்ததற்குப் போய்விடும். இவர் விடமாட்டார். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, யார் சமைத்தது, நேற்று இரவு என்ன என்று வரிசையாகப் போவார். அது முடிந்ததும் அடுத்த கேள்வி வரும்: "உங்க அம்மா வயித்துல நீங்க இருந்தப்போ அவங்க என்ன சாப்பிட்டாங்க? பொறந்தப்ப நீங்க எப்படி இருந்தீங்க?"

ஆலை முழுக்க இது பெரிய வேடிக்கை. "தலவலின்னு போனேன்பா, எங்கம்மா மசக்கைல என்னா தின்னுச்சின்னு கேக்கறாரு" என்று கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். டாக்டர் காதில் விழுந்தாலும் அவர் கவலைப்பட்டதில்லை. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, சிரித்தவனைப் பிடித்து, "நீ எவ்வளவு எடை பொறந்தே?" என்பார்.

எறும்பு விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் மூன்றாவது தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிரஸ் பிரிவில் எல்லாருக்கும் பரிசோதனை என்றார். "ஒருத்தன மட்டும் தேடினா அவனுக்கு அவமானம். எல்லாரும் வரட்டும். காரணம் சொல்லாதீங்க."

காரணத்தை நாங்கள் சொல்லவில்லை. சரோஜா சொல்லிவிட்டிருந்தாள்.

மறுநாள் காலை ஷிப்டு ஆட்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றார்கள். மோதிர விரலின் பக்கவாட்டில்தான் குத்த வேண்டும். நுனியில் குத்தினால் நாள் முழுக்க வலிக்கும். பிரஸ் ஆட்களின் விரலில் எண்ணெய் ஊறியிருக்கும் என்பதால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முதல் சொட்டைப் பஞ்சால் ஒற்றிவிட்டு இரண்டாவது சொட்டை எடுப்பேன். வரிசையில் பந்தயமே நடந்தது. ஃபோர்மேன் அண்ணனுக்குத் தொப்பை பெரியது, டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை போடுவார். எல்லாரும் அவர் மேல்தான் கட்டினார்கள்.

"எறும்பு உங்கள லவ் பண்ணுதுண்ணே," என்றான் ஒருவன்.

"மூடிட்டு நில்றா," என்றார் ஃபோர்மேன். அவருக்கு இயல்பான அளவுதான் வந்தது. அதை அன்றைக்கு எல்லாரிடமும் காட்டிக்கொண்டே திரிந்தார்.

முந்நூறைத் தாண்டியது முனிராஜுக்கு. வயது இருபத்தேழு. பெல்ட்டில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டுக் கட்டும் அளவுக்கு ஒல்லி. புகை, குடி இரண்டும் கிடையாது. கருவி தப்பு என்று நினைத்து வேறொரு கருவியில் பார்த்தேன். அதிலும் அப்படியே.

"நான் டீலகூட சக்கர கம்மியாத்தான் சிஸ்டர் போடுவேன்," என்றான். யாரோ அவன் மேல் பழி போட்டுவிட்டது போல முகம்.

டாக்டர் அவசரப்படவில்லை. ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பினார். கணையம் இன்சுலினை அடியோடு நிறுத்திவிட்டதா, இல்லை சுரந்தும் போதவில்லையா என்று பார்க்க வேண்டும் என்றார். அது சுரக்கிறது, உடம்புக்குப் போதவில்லை என்று தெரிந்தது. மாத்திரையில் ஆரம்பிக்கலாம் என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் வழக்கமான கேள்வி வந்தது.

"பொறந்தப்ப நீ எப்படி இருந்தே?"

"எனக்கு எப்புடி சார் தெரியும்? எங்கம்மாவத்தான் கேக்கணும்."

"கேளு."

முனிராஜின் ஊர் அஞ்செட்டிக்கு மேலே, நாட்றாம்பாளையம் பக்கம். காட்டோரத்தில் ராகியும் அவரையும் போடுகிற குடும்பம். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான். எதிர்முனையில் அவன் அம்மா மாதம்மாவின் குரலோடு ஆடுகளின் குரலும் கேட்டது.

"அம்மா, நான் கம்பெனி டாக்டர். உங்க பையன் பொறந்தப்போ எந்த அளவு இருந்தான்?"

"எம்மாத்துண்டு இருந்தான்னா, மொறத்துல படுக்க வெச்சேன், பாதி மொறம் காலி."

"அப்போ நீங்க நல்லா சாப்ட்டீங்களா?"

"நல்லா தின்னா எப்புடி சாமி பெத்து எடுக்கறது? புள்ள பெருத்துக்கும். அஞ்சாம் மாசத்துல இருந்து எங்க மாமியா பாதி உருண்டக் களிதான் போடும். சுருக்கா பெத்துட்டேன்." குரலில் பெருமை இருந்தது. "எம் மருமவளுக்கும் அஞ்சு முடிஞ்சிருக்குது. அவளுக்கும் அதான் போடறேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். முனிராஜைப் பார்த்தார். "உன் பொண்டாட்டி மாசமா இருக்காளா?"

"ஆமாங் சார். அவளுக்கு அம்மா இல்ல. அதனால எங்கம்மாதான் ஊர்ல வெச்சிப் பாத்துக்குது."

"சனிக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா."

சனிக்கிழமைகளில் தொழிலாளர் குடும்பத்தினரும் எங்கள் அறைக்கு வரலாம். அதற்கு முன் இருந்த இரண்டு நாட்களில் முனிராஜ் பலமுறை வந்து போனான். அவனுக்கு இப்போது தன் சர்க்கரை பெரிதாகத் தெரியவில்லை. "எங்கம்மா தின்னதுக்கும் எனக்கு வந்ததுக்கும் என்னா சார் சம்பந்தம்? நான் பொறந்து எத்தினி வருசம் ஆவுது?" என்று கேட்டான்.

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வயித்துல இருக்கிற குழந்தைக்கு வெளிய என்ன இருக்குன்னு தெரியாது. அம்மாகிட்ட இருந்து வர்றதை வெச்சுத்தான் கணக்குப் போடும். கொஞ்சமா வந்தா, வெளிய பஞ்சம்னு முடிவு பண்ணி, கொஞ்சத்துல ஓடற மாதிரி உடம்பைக் கட்டிக்கும். மூளைக்கு முதல்ல குடுக்கும். கணையம், சிறுநீரகம், சதை இதுக்கெல்லாம் குறைச்சுக்கும். அப்புறம் வெளிய வந்து பார்த்தா பஞ்சம் இல்ல. நம்ம கேன்டீன்ல தினம் பூரி."

முனிராஜ் உள்ளங்கையால் மேசையை அழுத்திக் காட்டினான். "மெல்லிசு தகடுக்கு செட் பண்ண டை அச்சுல தடிச்ச தகடு உட்ட மாதிரி."

"அப்படித்தான்," என்றார் டாக்டர். அந்த உவமை அவருக்குப் பிடித்துப்போய், பிறகு பல பேரிடம் அதையே சொன்னார். ஆனால் அன்று ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். "உனக்கு சுகர் வந்ததுக்கு இது மட்டும்தான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. பலதுல இது ஒண்ணு. நிறைய பேரைப் பார்த்தா தெரியிற விஷயம். ஒரு ஆளை நிக்க வெச்சு நிரூபிக்க முடியாது. அதான் இனிமே எல்லார் பதிவுலயும் ‘பிறந்தபோது எடை’ன்னு ஒரு கட்டம் போடப் போறோம்."

"எங்க புள்ளைக்கும் வருமா சார்?"

"வராம பாக்கறதுக்கு நாலு மாசம் இருக்கு."

மாதம்மா உயரமானவர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, நாற்காலியைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மருமகள் மஞ்சுளாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். எடை பார்த்தேன். ஊரில் கிராம செவிலியர் அட்டையில் எழுதியிருந்த மூன்றாம் மாத எடையே இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு.

"இரும்புச் சத்து மாத்திரை போடறியா?" என்று கேட்டேன். மஞ்சுளா மாமியாரைப் பார்த்தாள்.

"அத சாப்ட்டா புள்ள பெருசாவும்னு நாந்தான் வேணாம்னேன்," என்றார் மாதம்மா. "கவர்மென்ட் குடுக்கறத வீணாக்கல. கருவேப்பிலச் செடிக்குப் போட்டேன். நல்லா தழஞ்சிருக்குது."

டாக்டர் சிரிப்பை அடக்க முயன்றதைப் பார்த்தேன். முடியவில்லை. மாதம்மா சிரிக்கவில்லை. இரண்டு பேரும் அதன்பின் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசினார்கள். நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

"சின்னதா பொறந்தா குழந்தைக்கு நல்லதில்லம்மா. உங்க பையனையே பாருங்க."

"எம் பையன் இருக்கறானில்ல? கல்யாணம் கட்டிக்கினு, வேலைக்குப் போயிக்கினு இருக்கறானில்ல? எந் தங்கச்சி இல்ல."

மாதம்மா தொடர்ந்தார். தங்கைக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பெரியது, வரவில்லை. கட்டிலில் தூக்கிப்போட்டு நான்கு பேர் கீழே அஞ்செட்டிப் பக்கம் கொண்டுபோனார்கள். மழை. பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். திரும்பியதற்கான காரணத்தை அவர் சொல்லவில்லை.

டாக்டர் எதிர்வாதம் செய்வார் என்று நினைத்தேன். கொழுப்பு, இன்சுலின் என்று தொடங்குவார் என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு. "இப்போ ரோடு எப்படி இருக்கு?"

"ரோடு இருக்குது. வளைவு ஜாஸ்தி. வண்டி கூப்ட்டா வரும், எப்ப வரும்னு அதுக்கே தெரியாது."

"சரி. ஏழாம் மாசம் முடிஞ்சதும் இவ ஓசூருக்கு வந்துடட்டும். இங்க பெரிய ஆஸ்பத்திரி பக்கம். குழந்தை பெருசா இருந்தா வயித்தை அறுத்து எடுப்பாங்க."

"அறுத்தா இவ பொழைப்பாளா?"

"பொழைப்பா."

"எழுதிக் குடு."

டாக்டர் தலையை ஆட்டினார். "எழுதித் தர மாட்டேன். பொழைக்கறதுக்கு வேண்டியது எல்லாம் அங்க இருக்கு. அதை நேர்ல காட்டறேன், வந்து பாருங்க."

பார்க்கத்தான் போனோம். டாக்டர் அரசு மருத்துவமனையில் தெரிந்தவரிடம் சொல்லி, அறுவை அரங்கின் கதவுவரை மாதம்மாவை அழைத்துப் போகச் செய்தார். மாதம்மா ரத்தம் வைக்கும் பெட்டி எது என்று கேட்டார், இரவில் டாக்டர் எங்கே தூங்குவார் என்று கேட்டார், மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஜெனரேட்டரைக் காட்டினார்கள். அதைத் தொட்டுப் பார்த்தார். திரும்பும்போது ஆட்டோவில், "சரி, எவ்ளோ போடணும் சொல்லு," என்றார் என்னிடம்.

மருத்துவ அறைக்கு வந்ததும் பேரம் தொடங்கியது. களி உருண்டையைக் கிராமில் சொன்னால் யாருக்கும் விளங்காது. மாதம்மா இரண்டு கைகளையும் குவித்து ஓர் எலுமிச்சையை விடக் கொஞ்சம் பெரிய அளவைக் காட்டினார். இதுதான் இப்போதைய அளவு. டாக்டர் தன் கைகளைத் தேங்காய் பிடிப்பது போல விரித்தார்.

"ஐயோ சாமி, அது எங்க ஊட்டுக்காரரு ஏரு ஓட்டிட்டு வந்து தின்ற அளவு."

டாக்டர் கொஞ்சம் சுருக்கினார். மாதம்மா கொஞ்சம் விரித்தார். இரண்டு பேரும் எதிரெதிரே கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே விரலில் கட்டுப் போட வந்த ஒருவன் கண்ணாடி வழியாக இதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றாள் மஞ்சுளா. அதுவரை அவள் பேசியதில்லை. இரண்டு கைகளையும் எடுத்து, டாக்டர் முதலில் காட்டியதைவிடப் பெரிதாகக் காட்டினாள்.

மாதம்மா அவளையே பார்த்தார். "இவ்ளோ பசியாடி உனக்கு? வாயத் தொறந்து சொன்னா என்னா?"

"நீங்கதான் பசிச்சா தண்ணி குடின்னீங்க அத்த."

அன்றைக்கு முடிவானது டாக்டர் முதலில் காட்டிய அளவு. கூடவே தினம் ஒரு முட்டை, அவரைக்கொட்டையோ காராமணியோ போட்ட குழம்பு, ஒரு பிடி வேர்க்கடலை, மாத்திரை. மாத்திரை கருவேப்பிலைக்குப் போகக் கூடாது.

மாதம்மா ஒன்றை ஏற்றுக்கொண்டால் முழுதாக ஏற்றுக்கொள்கிறவர். ஏழாம் மாதம்வரை காத்திராமல் அடுத்த வாரமே மருமகளோடு ஓசூருக்கு வந்து, முனிராஜின் ஒற்றை அறையில் அடுப்பைத் தன் வசமாக்கிக்கொண்டார். மஞ்சுளாவின் கன்னம் மாதத்துக்குள் நிரம்பியது. எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. அதில் மாம்பழ சீசன் வந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை ஆரம்பத்தில் ஒருமுறை, ஆறு ஏழாம் மாதத்தில் மறுமுறை. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும், ஆனால் ஒரே மடக்கில் கூடாது, குமட்டும். வாந்தி எடுத்துவிட்டால் வேறொரு நாள்தான். குடித்தபின் அலையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். மஞ்சுளா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டியது நூற்று ஐம்பத்தெட்டு இருந்தது.

"என்ன சாப்பிடறே?" என்றார் டாக்டர்.

பதில் மாதம்மாவிடமிருந்து வந்தது. காலையில் களி, பத்து மணிக்கு மாம்பழம், மத்தியானம் சோறு, சாயங்காலம் மாம்பழ ஜூஸ், ராத்திரி களி, படுக்கும்போது பாலும் மாம்பழமும். சொந்தக்காரர் தோப்பிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது. செந்தூரா முடிந்தது, இப்போது மல்கோவா.

"பழத்த நிறுத்துங்கம்மா. சோத்தையும் கொஞ்சம் குறைக்கணும்."

மாதம்மா என் பக்கம் திரும்பினார். "போன மாசம் இருந்தது இதே டாக்டருதானா?"

"இவரேதான்."

"அன்னிக்கித் தின்னு தின்னுன்னாரு. இன்னிக்கித் தின்னாதங்கறாரு. மாம்பழம் வேணாமாம், ஆனா டம்ளரு நெறைய சக்கரத் தண்ணி மட்டும் இவங்களே குடுப்பாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்தாலும் முனிராஜின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. டாக்டர் மாதம்மாவுக்கு விளக்கினார். பஞ்சம் என்று நினைத்து வளர்கிற குழந்தைக்கும் பின்னால் சர்க்கரை வரலாம். தாயின் ரத்தத்தில் சர்க்கரை மிதந்தாலும் அந்தக் குழந்தைக்கும் பின்னால் வரலாம். அதோடு, குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும்.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மாதம்மா நிமிர்ந்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

களி உருண்டை மறுபடி கைகளால் அளக்கப்பட்டு நடுவில் எங்கோ நின்றது. மாம்பழப் பெட்டிகள் பிரஸ் பிரிவுக்கு வந்து சேர்ந்தன. ஃபோர்மேன் முதல் ஆளாக எடுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பின் நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். தொழிற்பேட்டையின் உள்சாலையில் மாலை நேரத்தில் மஞ்சுளா நடப்பாள், முனிராஜ் நடப்பான், நாய்களுக்காகக் கையில் குச்சியோடு மாதம்மா பின்னால் வருவார். மருமகளுக்குச் சமைத்ததையே மகனும் சாப்பிட்டதால் அவன் சர்க்கரையும் இறங்கி, கழிப்பறை எறும்புகள் வேறிடம் பார்த்துக்கொண்டன. மஞ்சுளாவுக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தோம், அளவுக்குள் நின்றது.

வலி ஒரு புதன்கிழமை விடியலில் கண்டது. நான் ஷிப்டு முடிந்து மருத்துவமனைக்குப் போனபோது மாதம்மா பிரசவ அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். முனிராஜ் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் கொண்டுவந்த டீயை மாதம்மா தொடவில்லை. எங்கள் டாக்டர் இரண்டு முறை போன் செய்தார். என்னிடம் கேட்டுவிட்டு வைத்தார்.

செவிலியர் வெளியே வந்து, பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம், அறுக்க வேண்டி வரவில்லை என்றாள்.

முனிராஜ் சுவரை விட்டு நகர்ந்தான். மாதம்மா எழவில்லை.

"அவ?" என்றார்.

"யாரு?"

"எம் மருமவ."

"நல்லா இருக்காங்க. பசிக்குதுன்னு சொன்னாங்க."

மாதம்மா எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, முனிராஜை எதிர்க்கடைக்கு அனுப்பினார். மஞ்சுளா மூன்று இட்லி சாப்பிட்டாள். பிறகு இன்னும் இரண்டு கேட்டாள்.